பதினோரு அங்குலம்

அலோய்ஸ் செட்லாக் இறந்த மறுநாள்
லிங்கன் நகரிலிருந்து ஆளுநரின் மலர்வளையம் வந்தது.
நாடாவில் அவர் பெயர் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.
பேனாவால் சேர்த்துவிட்டேன்.
முப்பத்தொரு வருடம் அவருக்குத் தட்டச்சு செய்தவள்,
கை சும்மா இருக்கவில்லை.

டோர்வில்லில் அவருடைய முதல் அலுவலகம்
தீவனக் கடையின் மாடி.
மனுக்களில் எல்லாம் தவிட்டு வாசம்.
கூலியாக முட்டை வரும்,
ஒரு குளிர்காலத்தில் உப்பிட்ட அரைப் பன்றி,
ஒருமுறை, ஜப்தியிலிருந்து தப்பிய ஓர் அக்கார்டியன்.
வாசிக்கத் தெரியாது, விற்கவும் மனமில்லை.
அலமாரிக்குள் அது
மழைக்கு முன் தானாக ஒருமுறை மூச்சுவிடும்.

பேர் வாங்கித் தந்த வழக்கு
ஹெட்விகா போஸ்பிசிலுடையது.
புருஷனைப் புதைத்த வாரத்தில்
பக்கத்து நிலத்துக் கேன்டி வேலியை நகர்த்தியிருந்தான்,
பதினோரு அங்குலம்.
ஊரே சிரித்தது: பதினோரு அங்குலத்தில்
எத்தனை சோளம் விளையும்?
"எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார் செட்லாக்.
நவம்பர் சேற்றில், காட்டுப் பிளம் புதருக்கடியில்
நாலு நாள் தவழ்ந்து
பழைய அளவைக்கல்லைக் கண்டுபிடித்தார்.
கல்லை நகர்த்தினால் சாட்சி செத்துவிடும்;
ஆகவே நீதிபதியை நகர்த்தினார்.
கடன் வாங்கிய பூட்ஸில் அந்தப் பெரிய மனிதர்
கல்லின் எதிரே குந்தி உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.
வண்டியில் அமர்ந்து அதைக் குறித்துக்கொண்டபோது
என் விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும்
கசகசா வைத்த கொலாச்சி ஒரு தட்டு
துணி மூடி மாடிப்படியில் இருக்கும்.

"பதினோரு அங்குல செட்லாக்" என்றே சுவரொட்டி அடித்தார்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஜெயித்தார்.
லிங்கனில் முதல் கூட்டத்தொடர் முழுக்க
வாய் திறக்கவில்லை, காது திறந்திருந்தது.
இரண்டாவதில்
"முடியாது" என்ற சொல்லைக் கைவிட்டார்;
அங்கே அதற்குப் "பரிசீலனையில் இருக்கிறது" என்று பெயர்.
மூன்றாவதில் அவர் வாங்கிய தொப்பிக்கு
நான்தான் போய்ப் பணம் கட்டினேன்,
விலையைச் சொல்ல மாட்டேன்.

பிறகு அந்த ஜூன்.
டர்க்கி ஓடை ராத்திரியோடு ராத்திரியாக ஊருக்குள் வந்து
கீழ்த்தெருவில் ஆறு பேரைக் கொண்டுபோனது.
மூன்று பேருக்கு ஒரே குடும்பப் பெயர்.
அணை மசோதாவை அவரே எழுதினார்,
நான் அடித்தேன். நான்காம் பிரிவு,
மூழ்கும் நிலங்களின் பட்டியல்:
பகுதி பதினேழு, தென்மேற்குக் கால்...
என் விரல் நின்றது.
ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்:
"எழுத்துப் பிழையா?"
"இல்லை."
"அப்படியானால் அடி."

இருபத்தேழுக்குப் பதினான்கு. நிறைவேறியது.

கடிதம் போடலாம் என்றேன். கேட்கவில்லை.
அவரே கார் ஓட்டிக்கொண்டு போனார்,
தொப்பியை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினார்.
ஹெட்விகா கடைசிவரை கேட்டாள்.
மாவுக் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.
"வேலியை நான் பிடுங்கணுமா,
சர்க்கார் பிடுங்குமா?"
என்ன பதில் சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை.
அந்தச் சனிக்கிழமை தட்டு வந்தது.
அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தது.
அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.
நான்தான் தின்றேன்.

ஏரிக்கு அவர் பெயரை வைக்கக் கேட்டு வந்தார்கள்.
"பரிசீலனையில்" என்றார், பதினெட்டு வருடம்.

பதவி போய், கண் மங்கி,
மறுபடி தீவனக் கடை மாடிக்கே வந்தபின்
ஒவ்வொரு வசந்தத்திலும்
அணைக் காவலனைத் தொலைபேசியில் கூப்பிடச் சொல்வார்.
நீர்மட்டம் எவ்வளவு?
அவன் அடிக்கணக்கில் சொல்வான்.
செட்லாக் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி,
"அடியில் வேண்டாம், தம்பி,
அங்குலத்தில் சொல்லு" என்பார்,
அவன் பெருக்கி முடிக்கும்வரை
பென்சிலோடு காத்திருப்பார்.